பூட்டி வைத்த படம் டேப்லெட்டுக்கு எப்படி வந்தது?

கேள்வி: வணக்கம் சார். என் சாம்சங் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். பிள்ளைகள் விளையாட, தம்பி பாட்டுக் கேட்க, மாமியார் வீடியோ காலில் பேச என்று அது ஒரு பொதுப் பொருள் மாதிரி. பின் நம்பர் எல்லோருக்கும் தெரியும். அதில்தான் என் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரங்கள், எனக்கு நடந்த ஒரு ஆபரேஷன் ரிப்போர்ட்டுகள், அப்போது டாக்டருக்கு அனுப்புவதற்காக எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. தோழி சொன்னாள் என்று, பார்க்கக் கால்குலேட்டர் மாதிரி இருக்கும் ஒரு ஆப்பைப் போட்டு 200 படங்களுக்கு மேல் அதற்குள் மறைத்து வைத்தேன். ஆனால் போன வாரம் மகன் டேப்லெட்டில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் படங்களில் ஒன்று திரையில் வந்து நின்றது. கூசிப்போய்விட்டேன். ஆப்பை யாராவது உடைத்துவிட்டார்களா? போனிலேயே இருக்கும் செக்யூர் ஃபோல்டர் இதைவிட நல்லதா? டிஸ்ப்ளே வேறு கீறல் விட்டிருக்கிறது, சர்வீஸுக்குக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. கணவரிடம் ஐபோன் இருக்கிறது, பேசாமல் எல்லாவற்றையும் அதில் வைத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள், யாரும் எதையும் உடைக்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் போனில் இருக்கும் அதே கூகுள் கணக்குதான் டேப்லெட்டிலும் இருக்கிறது, கூகுள் போட்டோஸில் பேக்கப்பும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. படம் எடுத்த அன்றே அதன் ஒரு நகல் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள கூகுளின் சேமிப்பிடத்துக்கு, போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் நீங்கள் கால்குலேட்டர் ஆப்பில் மறைத்தது போனில் இருந்த நகலை மட்டும்தான். மேலே போன நகலுக்கு இந்தச் சங்கதியே தெரியாது. கூகுள் போட்டோஸ் 'நினைவுகள்' என்று பழைய படங்களைத் தானாக எடுத்து முன்னால் காட்டும் பழக்கம் உள்ளது, அதுதான் மகன் கண்ணில் பட்டிருக்கும். டேப்லெட்டின் செட்டிங்ஸில் போய் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

என்னிடம் வரும் இந்த மாதிரிப் புகார்களில் பூட்டு உடைந்த கதை அபூர்வம். பூட்டாத ஒரு நகல் வேறு எங்கோ கிடந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் எந்த ஃபோல்டர் நல்லது என்ற கேள்விக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இந்தப் படங்கள் இன்று எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். கூகுள் போட்டோஸ் ஒன்று. அதன் குப்பைத்தொட்டி இன்னொன்று, ஏனென்றால் பேக்கப் ஆன படத்தை அழித்தாலும் 60 நாள் அதில் இருக்கும். சாம்சங் கேலரிக்குத் தனிக் குப்பைத்தொட்டி, அங்கே 30 நாள். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்றால் அந்த உரையாடலில் ஒரு நகல், வாட்ஸ்அப் தன் ஃபோல்டருக்குள் 'சென்ட்' என்று வைத்திருக்கும் இடத்தில் ஒரு நகல், வாட்ஸ்அப் பேக்கப்பில் ஒரு நகல், எப்போதாவது கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தால் அங்கே ஒன்று. மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் 'அனுப்பியவை' பெட்டியில் இன்னொன்று. போனில் மெமரி கார்டு போட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டைப் போனின் செட்டிங்ஸிலேயே தனியாக என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாத வரை, கழற்றி வேறு எதில் போட்டாலும் அது திறக்கும், அழித்த படங்களைக்கூட மீட்பு மென்பொருள் பல நேரம் எடுத்துக் கொடுத்துவிடும். டாக்டரின் போனில் இருக்கும் நகலை மட்டும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, அழித்துவிடச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்தக் கால்குலேட்டர் ஆப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மறைப்பது, பூட்டுவது, என்கிரிப்ட் செய்வது என்ற மூன்று வேறு வேலைகளையும் ஒரே வேலை மாதிரி விற்கிறார்கள்.

மறைப்பது என்றால் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பது. ஆண்ட்ராய்டில் ஒரு ஃபோல்டரின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாலோ, '.nomedia' (நோமீடியா) என்ற வெற்றுக் கோப்பு ஒன்றை உள்ளே போட்டாலோ கேலரி அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போய்விடும். படம் அங்கேயேதான் இருக்கும், ஃபைல் மேனேஜரில் 'மறைந்தவற்றைக் காட்டு' என்று தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பூட்டுவது என்றால் வாசலில் ஒரு பின் நம்பர் கேட்பது. வாசலில்தான் கேட்கும், பின்பக்கம் சுவர் இருக்கிறதா என்பது வேறு விஷயம். என்கிரிப்ட் செய்வது என்றால் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாவியைக் கொண்டு கலைத்துப் போடுவது. அந்தச் சாவி இல்லாதவருக்கு, கோப்பு கையில் கிடைத்தாலும் அது படமே இல்லை, வெறும் இரைச்சல். இன்று பெரும்பாலும் ஏஇஎஸ் என்ற முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதில் 128 அல்லது 256 பிட் நீளமுள்ள சாவி. எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அந்தச் சாவியைக் கண்டுபிடிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அதனால்தான் திறக்க நினைப்பவர் சாவியை விட்டுவிட்டு உங்கள் பின் நம்பரை ஊகிக்கப் பார்க்கிறார்.

கால்குலேட்டர் வேடம் போடும் ஆப்களில் பல முதல் வேலையைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்ததாகச் சொல்லிக்கொள்கின்றன. 2015-ல் லட்சக்கணக்கானவர்கள் வைத்திருந்த அப்படிப்பட்ட ஒரு வால்ட் ஆப்பை ஒருவர் பிரித்துப் பார்த்தபோது, அது ஒவ்வொரு படத்திலும் முதல் 128 பைட்டுகளை மட்டுமே, அதுவும் மிகச் சாதாரணமான ஒரு முறையில், மாற்றி வைத்திருந்தது தெரியவந்தது. மீதிப் படம் அப்படியே கிடந்தது. உங்கள் ஆப் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, ஆனால் விளம்பரம் காட்டிப் பிழைக்கும் ஒரு ஆப்புக்கு, போனில் உள்ள எல்லாக் கோப்புகளையும் தொடும் அனுமதியும் இணையத் தொடர்பும் சேர்த்துக் கொடுத்து, அதன் கையிலேயே ஆபரேஷன் படங்களையும் ஒப்படைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆளைக் கூட்டிவந்து பீரோவையும் காட்டிச் சாவியையும் கொடுத்த கதை அது.

அதிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், ஆனால் அவசரப்பட்டு ஆப்பை நீக்கிவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் தனக்கென்று ஒதுக்கிய இடத்தில் வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் ஆப்பை நீக்கும்போது அதோடு சேர்ந்து போய்விடும். உங்கள் 200 படங்களும் அங்கே இருந்தால், ஒரே தட்டலில் எல்லாம் காலி. முதலில் கூகுள் போட்டோஸில் பேக்கப்பை அணையுங்கள், அப்புறம் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இது எதற்கு என்றால், ஆப்பிலிருந்து படங்களை வெளியே எடுத்ததும் அவை கேலரிக்கு வரும், பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் புதுப் படம் என்று நினைத்து அத்தனையையும் மறுபடி மேலே ஏற்றிவிடும், பிரச்சினை ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு ஆப்பில் 'மீட்டெடு' அல்லது 'அன்ஹைட்' என்று எப்படிப் போட்டிருக்கிறதோ அதைத் தட்டி, வெளியே வந்த படங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியாக வந்தால் போதாது, ஒவ்வொன்றையும் திறந்து முழு அளவில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், சில ஆப்கள் சிறுபடத்தை மட்டும் காட்டி ஏமாற்றும்.

அடுத்தது செக்யூர் ஃபோல்டர். இது நல்லதா என்று கேட்டீர்கள், உங்கள் நிலைமைக்கு இதுதான் பொருத்தம், அதற்குக் காரணம் வெறும் என்கிரிப்ஷன் இல்லை. உண்மையில் உங்கள் போன் முழுவதுமே ஏற்கெனவே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்களுக்கு அது கட்டாயம். ஆனால் போனை ஆன் செய்து முதல் முறை பின் நம்பர் போட்டவுடன் அந்தச் சாவிகள் தயாராகிவிடும், அதன் பிறகு திறந்த போனைக் கையில் வைத்திருப்பவர் யாரோ அவருக்கு எல்லாமே தெரியும். உங்கள் வீட்டில் போனைத் திறப்பதற்கான எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அந்த எண்ணையே கேட்கும் எந்த இடமும் உங்களுக்குப் பயன்படாது. கூகுள் போட்டோஸில் 2021-ல் வந்த 'லாக்டு ஃபோல்டர்' நல்ல வசதிதான், ஆனால் அது போனின் பூட்டைத்தான் கேட்கிறது, மகன் அதே எண்ணைப் போட்டு உள்ளே போய்விடுவான். சாம்சங்கின் செக்யூர் ஃபோல்டர் நாக்ஸ் என்ற அதன் பாதுகாப்பு அமைப்பின் மேல் கட்டப்பட்டது, போனுக்குள் இன்னொரு போன் மாதிரி தனிக் கேலரி, தனிக் கேமரா, தனி ஆப்கள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிப் பூட்டு. அதற்குள் இருக்கும் கேமராவில் எடுக்கும் படம் வெளிக் கேலரிக்கு வரவே வராது, ஆகவே இனிமேல் ரிப்போர்ட்டைப் படம் எடுக்க வேண்டும் என்றால் உள்ளே போய் எடுங்கள். சாம்சங் இல்லாத போன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், ஆண்ட்ராய்டு 15-ல் வந்த 'பிரைவேட் ஸ்பேஸ்' ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது, அதற்கும் தனிப் பூட்டு வைத்துக்கொள்ளலாம். கூகுளின் ஃபைல்ஸ் ஆப்பில் உள்ள 'சேஃப் ஃபோல்டர்' இன்னும் எளிமையானது, கோப்புகளுக்கு மட்டும்.

அமைக்கும்போது இரண்டு இடத்தில்தான் கோட்டை விடுவார்கள். ஒன்று கைரேகை. வசதியாக இருக்கிறதே என்று செக்யூர் ஃபோல்டருக்கும் கைரேகையைப் போடாதீர்கள், ஏனென்றால் பொதுவாகப் புழங்கும் போனில் உங்கள் விரல் மட்டும்தான் பதிவாகியிருக்கிறது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியாது, பிள்ளைகள் விளையாட்டாகத் தங்கள் விரலையும் பதிந்திருப்பார்கள். நீங்கள் தூங்கும்போது உங்கள் விரலையே எடுத்து வைப்பதும் ஒன்றும் கடினம் இல்லை, அசந்து தூங்குபவர்களைச் சொல்கிறேன். இன்னொன்று பேட்டர்ன். ஒன்பது புள்ளிகளில் வரையக்கூடிய பேட்டர்ன்கள் மொத்தம் 3,89,112. கேட்க அதிகமாகத் தெரிந்தாலும் ஆறு இலக்கப் பின் நம்பருக்கு 10 லட்சம் வாய்ப்புகள் உண்டு, நான்கு இலக்கத்துக்கு வெறும் 10,000. தவிர, பேட்டர்னைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒருமுறை பார்த்தாலே மனதில் நிற்கும், கண்ணாடியில் விரல் தடமும் விழும். ஆறு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண், அல்லது எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல் போடுங்கள், பிறந்தநாளும் திருமண நாளும் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்கள் அவைதான். திரை அணைந்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள். ஐகானை மறைக்கும் வசதியும் அதன் செட்டிங்ஸில் இருக்கிறது, இருக்கிறது என்றே தெரியாவிட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

படங்களைக் கொண்டுபோகும்போது 'காப்பி' வேண்டாம், 'மூவ்' செய்யுங்கள், இல்லாவிட்டால் வெளியே ஒன்று தங்கிவிடும். உள்ளே போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகு, முதலில் எழுதிய அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு இடமாக அழித்துக்கொண்டே வாருங்கள், குப்பைத்தொட்டிகளையும் காலி செய்யுங்கள். கூகுள் போட்டோஸில் அழித்தால் செக்யூர் ஃபோல்டருக்குள் இருப்பதும் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அது தனி இடம், வெளியே இருக்கும் ஆப்பின் கை அங்கே எட்டாது. டேப்லெட்டிலிருந்து உங்கள் கணக்கை எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வேறு கணக்கைப் போடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு பேக்கப்பைத் திரும்ப இயக்கலாம்.

இனி யாரும் சொல்லாத பகுதி. நல்ல பூட்டு உங்களையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தும். என்னிடம் போனைக் கொண்டுவந்து 'கடவுச்சொல் மறந்துவிட்டது, எப்படியாவது எடுத்துக் கொடுங்கள்' என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். உண்மையிலேயே என்கிரிப்ட் ஆகியிருந்தால் என்னாலும் முடியாது, போனைத் தயாரித்த கம்பெனியாலும் முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். செக்யூர் ஃபோல்டரில் ஒரு வழி இருக்கிறது, அமைக்கும்போது சாம்சங் கணக்கு மூலம் பூட்டை மாற்றிக்கொள்ளும் வசதியை இயக்கி வைத்தால் மறந்தபோது அது காப்பாற்றும். ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அதே போனின் பிரவுசரில் சேமித்து வைத்தால், போனின் எண் தெரிந்தவருக்கு அதுவும் தெரியும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, போனுக்குத் தொலைவில், நீங்கள் மட்டும் திறக்கும் இடத்தில் வையுங்கள். தாளில் எழுதக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், அலுவலக மேசையில் ஒட்டி வைப்பவர்களுக்குச் சொன்ன அறிவுரை அது.

பூட்டு ஞாபகம் இருந்தாலும் போன் தொலையலாம், தண்ணீரில் விழலாம், ஃபேக்டரி ரீசெட் ஆகலாம். ரீசெட் செய்தால் செக்யூர் ஃபோல்டரும் அதோடு போய்விடும், போனை ரூட் செய்தால், அதாவது கம்பெனி வைத்த கட்டுப்பாடுகளை உடைத்து முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டால், அதன் பிறகு அது திறக்கவே திறக்காது. அடையாள அட்டை போனால் அசல் கையில் இருக்கிறது, ஆபரேஷன் ரிப்போர்ட்டுக்கு அப்படி இல்லை. அதற்கு இன்னொரு நகல் கட்டாயம் வேண்டும், அந்த நகலும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும். கிரிப்டோமேட்டர் என்று ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய) மென்பொருள் ஒன்று இருக்கிறது, கோப்புகளை உங்கள் கருவியிலேயே கலைத்துவிட்டுத்தான் கிளவுடுக்கு அனுப்பும், மேலே இருப்பவருக்குப் பெயர்கூடத் தெரியாது. அது கொடுக்கும் மீட்புச் சாவியையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இருந்தால் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 7-ஜிப் என்ற மென்பொருளில் கடவுச்சொல் போட்டு, ஏஇஎஸ்-256 தேர்ந்தெடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு வைப்பதும் போதும். புதுப் போன் வாங்கும்போதும் கவனம், கால்குலேட்டர் ஆப்பில் செய்ததைப் போலவே முதலில் வெளியே எடுத்து, புதிய போனில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுப் பழையதை ரீசெட் செய்யுங்கள்.

கணவரின் ஐபோனைப் பற்றி. ஐபோனில் போட்டோஸ் ஆப்பின் 'ஹிடன்' ஆல்பம் ஐஓஎஸ் 16 முதல் முகத்தையோ விரலையோ கேட்கிறது, அது சரியாக வராவிட்டால் போனின் பாஸ்கோட் போதும். அதாவது அது அவருக்குத் திறக்கும் பூட்டு, உங்களுக்கு இல்லை. அவர் பார்த்தால் பரவாயில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். தனிக் கடவுச்சொல் வேண்டும் என்றால் நோட்ஸ் ஆப்பில் படத்தையோ ஸ்கேனையோ சேர்த்து, அந்தக் குறிப்பைத் தனிக் கடவுச்சொல்லால் பூட்டலாம். ஆனால் ஐகிளவுட் போட்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் படம் அவருடைய மற்ற கருவிகளிலும் வந்திருக்கும், மறுபடி அதே டேப்லெட் கதை. என்னைக் கேட்டால் உங்கள் படம் உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காமல் இருக்க முடியாது என்பது புரிகிறது. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' என்று ஒன்று இருக்கிறது, விலகும்போது எண் கேட்கும்படி அதன் செட்டிங்ஸில் வைத்து, விளையாட்டைத் திறந்து அதைத் திரையில் நிலைநிறுத்தி ('பின்' செய்து) கொடுத்தால், எண் போடாமல் வேறு ஆப்புக்குத் தாவ முடியாது. இது வேலை செய்ய அந்த எண் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஒருநாள் மாற்றிப் பாருங்கள், இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

கடைசியாக சர்வீஸ். டிஸ்ப்ளே மாற்றுவதற்கு உங்கள் பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள். சாம்சங்கின் பல மாடல்களில் 2022 முதல் 'மெயின்டெனன்ஸ் மோட்' உண்டு, செட்டிங்ஸின் தேடலில் அந்தப் பெயரைப் போட்டால் வரும். அதை இயக்கினால் போன் ஒருமுறை அணைந்து எழும், சரிபார்ப்பவருக்கு ஒரு வெற்றுப் போன் மாதிரி தெரியும், கேமரா, ஸ்பீக்கர், டச் எல்லாம் அவர் சோதித்துக்கொள்ளலாம், உங்கள் படமோ செய்தியோ ஆப்போ எதுவும் கண்ணில் படாது. திரும்ப வாங்கியதும் உங்கள் பூட்டைப் போட்டு வெளியே வந்தால் எல்லாம் இருந்தபடி இருக்கும். கூகுள் பிக்ஸலிலும் 'ரிப்பேர் மோட்' என்று இதே வசதி இருக்கிறது. இப்போது கீறல்தான் என்கிறீர்கள், டச் வேலை செய்யும் போதே இதைப் போட்டுவிடுங்கள், டச் போன பிறகு எதையும் இயக்க முடியாது. மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னால் மட்டும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள், என்கிரிப்ஷன் சாவி அந்தப் போர்டில் உள்ள சிப்போடு கட்டப்பட்டது, போர்டு போனால் படங்களும் போச்சு. அந்த இரண்டாவது நகலை எடுத்து முடித்துவிட்டுப் போனைக் கொடுங்கள்.